விலங்கு மருந்தகத்தில் கணினியும் மருந்து அலமாரியும்

கேள்வி: சிங்கப்பூரின் பிடோக்கில் சிறிய விலங்கு மருந்தகம் ஒன்றை நிர்வகிக்கிறேன். முகப்புக் கணினியை அனைவரும் ஒரே கடவுச்சொல்லால் திறக்கிறோம். கெட்டமின் என்ற மயக்க மருந்தை வைத்திருக்கும் அலமாரியின் சாவியும் அந்தக் கணினி இருக்கும் மேசையின் இழுப்பறையில்தான் கிடக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1: ஐயா, சாவியை இன்றே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கெட்டமின் இங்கே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் என்பதால், அதைத் தரையோடு பொருத்திய இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை மருத்துவர் பொறுப்பில் விட்டு, குப்பியில் எஞ்சும் ஒவ்வொரு மில்லிலிட்டரையும் இருவர் கையொப்பத்துடன் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

பதில் 2: கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். பூனையின் பதிவில் அதன் உரிமையாளருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன; 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிநபர் தகவல் கசிந்ததாக உறுதியானால், 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும்.

பதில் 3: கணினிப் பதிவுகளின் காப்புநகலை இணையத்தோடு இணையாத வன்தட்டிலும் வையுங்கள், அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பாருங்கள்.