மூக்குத் தண்டு அறுவை சிகிச்சைக்குப் பின்: பேக் வைப்பதா, தையலா, ஸ்பிளிண்டா?

கேள்வி:
மூக்குத் தண்டு (இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர்) வளைவுக்காக என் தம்பிக்கு அடுத்த மாதம் செப்டோபிளாஸ்டி செய்யவிருக்கிறார்கள். முதலில் பார்த்த மருத்துவர் இரு துவாரங்களிலும் பேக் (உள்ளே அடைத்து வைக்கும் துணி அல்லது பஞ்சு) வைத்து இரண்டு நாள் கழித்து எடுப்பதாகச் சொன்னார். அடுத்துப் பார்த்தவரோ பேக் இல்லாமல் உள்ளே தையல் மட்டும் போதும் என்கிறார். பேக்கை உருவும்போது உயிரே போய்விடும் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு அவன் பயந்துபோயிருக்கிறான். இரத்தப்போக்கு, வலி, தூக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் எந்த முறை நல்லது?

பதில், காது மூக்கு தொண்டை மருத்துவர்:
இந்த அறுவையில் மூக்குத் தண்டிலுள்ள குருத்தெலும்பின் மேலுள்ள சவ்வைப் பிரித்து, வளைந்த பகுதியைச் சரிசெய்து, சவ்வை மீண்டும் படிய வைக்கிறோம். அந்த இடைவெளியில் இரத்தம் தேங்கக் கூடாது என்பதே இரு முறைகளின் நோக்கமும். பேக் வெளியிலிருந்து அழுத்துகிறது. தையலில், கரையும் நூலை இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றிச் செலுத்தி, மெத்தை தைப்பதுபோல இரு சவ்வுகளையும் ஒட்டவைக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, இரத்தப்போக்கிலோ இரத்தக்கட்டிலோ பேக்கினால் கூடுதல் நன்மை கிடைப்பதில்லை. வலி, தலைவலி, கண்ணீர் வடிதல், தூக்கமின்மை ஆகியவையோ பேக் வைத்தவர்களுக்கே அதிகம். எனவே சிக்கலற்ற அறுவைக்குத் தையலே என் தேர்வு. அறுவை மேசையிலேயே கசிவு நிற்காதவர்களுக்குப் பேக் இன்றும் தேவைதான். மூக்கின் பக்கச் சுவரிலுள்ள சதை மூடிய எலும்பு மடிப்பான டர்பினேட்டையும் சேர்த்துக் குறைத்தால், எதிரெதிர்ப் புண்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சிலிக்கோன் ஸ்பிளிண்டை (தண்டின் இருபுறமும் வைக்கும் மெல்லிய தகடு) ஏறத்தாழ ஒரு வாரம் வைப்பதுண்டு.

பதில், செவிலியர்:
பேக்தான் என்று முடிவானாலும் தம்பி அஞ்ச வேண்டியதில்லை. எடுப்பதற்குச் சற்று முன் வலி மாத்திரை கொடுத்து, பேக்கை உப்புநீரால் நன்கு நனைத்து ஊறவிட்டு மெதுவாக உருவினால் வேதனை பெருமளவு குறையும். காய்ந்த பேக்கை அப்படியே இழுப்பதுதான் பலரையும் கதறவைக்கிறது. எந்த முறையானாலும் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும், மருத்துவர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. பொருக்கை விரலால் பிய்க்காமல் உப்புநீரால் இளக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவனுக்குப் பலத்த குறட்டை உண்டு, தூக்கத்தில் சில சமயம் மூச்சும் நின்று நின்று வருகிறது. இது முறையைத் தேர்ந்தெடுப்பதைப் பாதிக்குமா?

பதில், காது மூக்கு தொண்டை மருத்துவர்:
கட்டாயம் பாதிக்கும். அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் இதை முன்பே சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவருக்கு இரு துவாரங்களையும் அடைத்தால் இரவில் ஆக்சிஜன் அளவு மேலும் இறங்கக்கூடும் என்பதால், பேக் இல்லாத முறைக்கு இது இன்னொரு வலுவான காரணம். வீடு திரும்பிய பின் இரு பக்கமும் அடைப்பு கூடிக்கொண்டே போனாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய் கிடையாது. மேலுள்ள சவ்வுதான் அதற்கு ஊட்டம் தருகிறது. இடையில் இரத்தம் கட்டிச் சீழ்பிடித்தால் குருத்தெலும்பு சில நாள்களிலேயே அழிந்து, மூக்கின் மேற்பகுதி உள்வாங்கிவிடும்.