2 ÷ ¾: மிச்ச அரிசி எவ்வளவு?

(கணிதம் படிப்பிக்கிற நாலு ஆசிரியர்கள் கதைச்சது. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால இருக்கிறது அவையின்ர இடத்தின்ர பேர்.)

கரைச்சி:
தரம் 7, 8 பிள்ளையளிட்ட 2 ÷ ¾ ஐக் குடுத்தால் தலைகீழாக்கிப் பெருக்கி 8/3 எண்டு எழுதிப்போடுவினம். விடை சரிதான். அதையே அரிசி அளக்கிற சுண்டுக் கணக்கில இப்பிடிக் கேட்டுப் பாருங்கோ: "இரண்டு சுண்டு அரிசி இருக்கு. ஒரு நேரத்துக்கு முக்கால் சுண்டு. எத்தினை நேரத்துக்குக் காணும்?" சிலர் பெருக்குவினம், சிலர் கழிப்பினம்.

அரிசியை மேசைக்குக் கொண்டு வாங்கோ. கால் சுண்டு கொள்ளுற ஒரு சின்னப் பேணியும் வேணும். எட்டுப் பேணி அளந்து, மூண்டு மூண்டாக் குவிக்கச் சொல்லுங்கோ. இரண்டு குவியல் வரும், இரண்டு பேணி மிஞ்சும். இங்கதான் தடக்குப்படும். "மிச்சம் அரைச் சுண்டு, அப்ப விடை இரண்டரை" என்பினம். கொப்பியில 2⅔ இருக்கு.

உடன திருத்தாதேங்கோ. அளக்கிறது சுண்டில, ஆனா எண்ணிறது நேரத்தை. ஒரு நேரத்துக்கு மூண்டு பேணி வேணும், கையில இரண்டு. அதுதான் ⅔. இதைப் பிள்ளை தன்ர வாயால சொன்ன பிறகு, ஒரு சுண்டு மட்டும் எத்தினை நேரத்துக்குக் காணும் எண்டு கேளுங்கோ. நாலு பேணியை மூண்டால வகுத்து 4/3 எண்டு வரும். ¾ தலைகீழாப் போனது ஏனெண்டு அப்ப விளங்கும்.

ஒட்டுசுட்டான்:
குறுக்குப் பெருக்கலுக்கும் இதே வியாதி. "6 பேர் கச்சான் பிடுங்க 4 நாள், 8 பேர் எண்டால்?" 6/4 = 8/□ எண்டு போட்டு 5⅓ நாள் எழுதுவினம். ஆள் கூட நாளும் கூடுதாம்! கச்சான் தோட்டத்துக்கால நடந்து வாற பிள்ளையும் இப்பிடித்தான் எழுதும். கணக்குப் போட முன்னம் ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கோ: "ஆள் கூட, நாள் குறையும், விடை 4 ஐ விடக் குறைவு." பிறகு 6 நிரை, 4 நிரலாக் கட்டம் கீறுறது. ஒரு கட்டம், ஒரு ஆளின்ர ஒரு நாள் வேலை. 24 கட்டத்தை 8 பேருக்குப் பிரிச்சால் 3 நாள். எல்லாரும் ஒரே வேகம் எண்டு எடுத்துக்கொண்டதையும் சொல்லவேணும்.

மாங்குளம்:
"பக்கம் மாறினால் குறி மாறும்" எண்ட வசனத்தை முதல்ல நிப்பாட்டவேணும். −3 × □ = 12 இல பிள்ளை 12 + 3 = 15 எண்டு எழுதும். குறி மாறினதுதானே! இரண்டு வாரத்துக்கு இரண்டு பக்கமும் "÷ (−3)" எண்டு எழுதவே வேணும். சமனிலியில இன்னும் மோசம்: −2 × □ > 6 எண்டால் □ > −3 எண்டு விட்டுடுவினம். 0 ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. 0 > 6 ஆ?

நெடுங்கேணி:
சா/த (சாதாரண தரப் பரீட்சை) கணித முதலாம் வினாத்தாள் 2 மணித்தியாலம், 30 கேள்வி. பேணியோட நிண்டால் முடியுமோ ரீச்சர்?

கரைச்சி:
சோதனையில பேணி எதுக்கு சேர், அங்க தலைகீழாக்கித்தான் பெருக்கவேணும். பேணி ஒரு பாடவேளைக்குத்தான். முடிய இதைக் குடுங்கோ: 3 சுண்டு, நேரத்துக்கு 5/6 சுண்டு, முழு நேரங்கள் போக மிச்சம் எத்தினை சுண்டு? 3/5 எண்டு எழுதினால் பேணியைத் திரும்ப எடுக்கவேணும். மிஞ்சிறது அரைச் சுண்டு.