வேலையின்மையா, வேலையிழப்பா? கலைச்சொல் வேண்டுகோள்

கஞ்சிக்கோட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலைசெய்யும் தமிழ்த் தொழிலாளர்களுக்காக, ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழியாக வேலை போனவர்களுக்குக் கிடைக்கும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தைப் பற்றித் துண்டறிக்கை ஒன்றைத் தயாரித்துவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தலைப்பில் 'வேலையின்மைக் காப்பீடு' என்று போட்டு, மெய்ப்புப் படியைப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு, "என் பையன் டிப்ளமோ முடிச்சிட்டு வீட்லதான் இருக்கான், அவனுக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டார்.

அவன் எழுதிப்போட முடியாது. ஈஎஸ்ஐ சந்தா கட்டி வேலைபார்த்து, தன் விருப்பமில்லாமல் அந்த வேலை போனவருக்கே இத்தொகை உரியது. 2018 ஜூலையில் தொடங்கியபோது சராசரி நாட்கூலியில் 25 சதவீதமாக இருந்தது, 2020-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 90 நாட்களுக்கு மேல் கிடையாது. ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் இல்லை. இவ்வளவையும் தாங்கக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

சித்தூரிலிருந்து, தமிழாசிரியை:

அந்தத் தொழிலாளியின் கேள்வியில் பிழையில்லை. 'இன்மை' என்பது ஒன்று இல்லாதிருக்கும் நிலையைச் சொல்லுமேயன்றி, இருந்து போனதைச் சொல்லாது. எங்கள் ஊரில் இன்னொரு குழப்பமும் சேரும். வேலைவாய்ப்பகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்போருக்குக் கேரள அரசு மாதம் 120 ரூபாய் என்று கொடுத்துவந்த 'தொழிலில்லாய்ம வேதனம்' இங்கே எல்லோரும் அறிந்தது என்பதால், வேலையின்மை என்று எழுதினால் வாசகர் மனம் நேரே அங்கேதான் போகும். ஆகவே 'வேலையிழப்பு' என்பதே என் பரிந்துரை. இழப்பு என்னும் சொல்லிலேயே விருப்பமின்மை அடங்கியிருக்கிறது. தானாக விட்டவனை யாரும் இழந்தவன் என்பதில்லை, துறந்தவன் என்பார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நிலைக்களன்களாக "இளிவே இழவே அசைவே வறுமை" என்று நான்கைச் சொல்லும். இழவையும் (அதாவது இழத்தலையும்) வறுமையையும் தொல்காப்பியர் வேறுவேறாக வைத்ததை நோக்குக. சும்மா இருக்கும் பையனுடையது வறுமை, ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டவருடையது இழவு.

பாறசாலையிலிருந்து:

டீச்சரின் மேற்கோள் அருமை. ஆனால் 'வேலை' என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. பழைய இலக்கியத்தில் அது கடலையும் கடற்கரையையும் பொழுதையும் குறிக்கும். "வேலைசூழ் உலகு" என்று படித்துவிட்டு அதையே கூலிக்குச் செய்யும் உழைப்புக்கும் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. 'பணியிழப்பு' என்போம். 'வினையிழப்பு' இன்னும் பழமையானது என்றாலும், வினையிழந்தவன் வீடுபேறு அடைந்தவன் ஆகிவிடுவான் என்பதால் அதை வற்புறுத்தவில்லை. 'தொழிலிழப்பு' வேண்டவே வேண்டாம். மலையாளத்தில் தொழில் என்றால் உத்தியோகம், நமக்கோ வியாபாரம் நொடித்தவன் நினைவுக்கு வருவான். காப்பீடு என்ற ஒட்டும் தேவையில்லை. 'பணியிழப்பீடு' என்று ஒரே சொல்லாக முடிக்கலாம்.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

ஐயா, அந்தக் கடைசிச் சொல் என் வாசகரைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடும். இழப்பீடு என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்டு, 2025-இல் அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் தொடரும் 25எஃப் பிரிவின் விதிப்படி, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலைபார்த்தவரை ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ கொடுத்து, நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தரவேண்டும். அது முதலாளியின் கைப்பணம். தொழிலாளர்கள் 'செட்டில்மென்ட்' என்பார்கள். ஈஎஸ்ஐ தருவது வேறு பணம், வேறு அலுவலகம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஈஎஸ்ஐ பணம் வந்தவுடன் செட்டில்மென்ட் தீர்ந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும், அதற்கு நம் துண்டறிக்கையே சாட்சியாகும். 'பணி' என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பணிதலிலிருந்து வந்த சொல்லைத் தொழிற்சங்கத்தார் விரும்பமாட்டார்கள்.

காப்பீடு என்பதை விடலாம் என்ற உங்கள் கருத்து மட்டும் சரி. முதலாளி கட்டும் 3.25 சதவீதமும் தொழிலாளி கட்டும் 0.75 சதவீதமும் மருத்துவம், மகப்பேறு, விபத்து என எல்லாவற்றுக்குமான ஒரே சந்தா. வேலை போவதற்கென்று தனிச் சந்தா கிடையாது.

பீர்மேட்டிலிருந்து:

நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் எங்கள் மலைக்கு அது பயன்படப்போவதில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். 2000-களின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்து இங்கே தோட்டங்கள் பூட்டப்பட்டபோது, தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஈஎஸ்ஐ கிடையாது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவமும் குடியிருப்பும் அப்போது நடப்பிலிருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. நிர்வாகமே போய்விட்டால் யாரிடம் கேட்பது என்பதற்கு அதில் விடையிருக்கவில்லை. வீடும் தோட்டத்துடையது என்பதால் வேலை போனால் கூரையும் போகும். அதனால் எந்தச் சொல் ஆனாலும், முதல் பக்கத்திலேயே 'ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்' என்று தடித்த எழுத்தில் போடுங்கள். இல்லையென்றால் பேருந்துக் கூலி செலவழித்து இறங்கிவந்து ஏமாந்துபோவார்கள்.

சித்தூரிலிருந்து:

பீர்மேட்டு ஐயா சொன்னதை அப்படியே ஏற்கலாம். என் சொல்லிலேயே ஒரு பலவீனம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவரும் வேலையை இழந்தவர்தான், ஆனால் அவருக்குப் பணம் இல்லை. இதைச் சொல்லுக்குள் திணிக்க முயன்றால் 'தன்தவறிலா வேலையிழப்பு' என்று நீளும், ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். விதிவிலக்கை வாக்கியத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. தலைப்பு 'வேலையிழப்பு உதவித்தொகை'. அதன் கீழே தடித்த எழுத்தில் 'ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். முதலாளி தரவேண்டிய செட்டில்மென்ட் வேறு'. ஈஎஸ்ஐ, செட்டில்மென்ட் இரண்டையும் தமிழாக்கவில்லை. அலுவலகத்தில் போய் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் அவர்கள் கேட்கவேண்டியிருக்கும். திட்டம் காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வருவதால், விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுமாறு ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.

பாறசாலையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் 'உதவித்தொகை' என்பது யாரோ இரங்கிக் கொடுப்பதுபோல் இருக்கிறது. சந்தா கட்டியவர் வாங்குவது உரிமைத்தொகை. அடுத்த பதிப்பில் இதை மீண்டும் எழுப்புவேன்.