ரிட்ராக்‌ஷன் அறிவிப்பு கிராஸ்ரெஃபில் ஏறவில்லை, உதவி தேவை

ஓஜேஎஸ் என்ற இதழ் வெளியீட்டு மென்பொருளில் ஆய்விதழ் நடத்துபவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரே ஜெல் படத்தை (டிஎன்ஏ, புரதம் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஆய்வகப் படம்) திருப்பிப் போட்டு வேறு மாதிரியாகக் காட்டிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம் (ரிட்ராக்‌ஷன்). அறிவிப்புக்குத் தனி டிஓஐ (நிரந்தர அடையாள எண்) உண்டு. காரணமும், முடிவெடுத்தது ஆசிரியர் குழு என்பதும் அதில் இருக்கிறது. பழைய பிடிஎஃப்பை நீக்கவில்லை, நீக்கவும் கூடாது. பக்கந்தோறும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று முத்திரையிட்டோம்.

ஆனால் டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபில் பழைய டிஓஐ குறையில்லாத கட்டுரையாகவே நிற்கிறது. இதைப் பார்த்து யாராவது மேற்கோள் காட்டிவிடுவார்களே என்பதுதான் கவலை. அறிவிப்பைப் பதிய கிராஸ்ரெஃபுக்கு அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பில் அப்டேட் பகுதி, அதாவது பழைய டிஓஐ, வகை, தேதி மூன்றும், இல்லாததே காரணம். எங்கள் ஓஜேஎஸ் பதிப்பில் கோப்பை அனுப்பும் பிளகின் (இணைப்பு நிரல்) அதை எழுதுவதில்லை. கையால் சேர்த்து, கோப்பின் நேர எண்ணான டைம்ஸ்டாம்பை முந்தையதைவிடக் கூட்டி அனுப்பப் போகிறோம். பின்னால் பிளகின் மறுபடி அனுப்பினால் அந்தப் பகுதி அழிந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் மாதிரிக் கோப்பு இருந்தால் பகிருங்கள்.