இடது முன் சக்கரம் மதகில் இடித்தது: லோயர் ஆர்ம் மாற்றியும் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது

மன்னைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மன்னார்குடி பக்கம். வண்டி ஏழு வருஷப் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். தை அறுவடை நேரம், ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வச்சிருந்தாங்க. எதிரே வந்த அறுப்பு மெஷினுக்கு ஒதுங்கினதில் இடது முன் சக்கரம் மதகுச் சுவரில் இடிச்சிருச்சு. பம்பர், ஃபெண்டர், இடது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிச்சிருக்கற கை), டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பியோட முனை) மாத்தியாச்சு, அலைன்மெண்டும் பார்த்தாச்சு. ஆனாலும் நீடாமங்கலம் ரோட்டில் அறுபதைத் தாண்டினா வலப்பக்கம் இழுக்குது, இடது டயர் உள்பக்கமா தேயுது. அலைன்மெண்ட் சீட்டில் இடது கேம்பர் (சக்கரத்தோட சாய்வு, மைனஸ்னா மேல்பக்கம் உள்ளே சாயுது) மைனஸ் 2 டிகிரி, வலது மைனஸ் அரை டிகிரி. நக்கிளை (சக்கரம் மாட்டற உலோகப் பாகம்) கேஸ் வச்சு சூடாக்கி நிமிர்த்திடலாம், புதுசு வாங்கற காசு மிச்சம்னு பட்டறையில் சொல்றாங்க. அம்மாவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி. நிமிர்த்தலாமா?

குடந்தைப் பட்டறை:
தம்பி, நெருப்பை அந்தச் சக்கரத்துப் பக்கமே விடாதீங்க. நக்கிள் பதம் பார்த்துச் செஞ்ச உலோகம். சிவக்கச் சூடாக்கினா பதம் போயிடும். பார்க்க நேரா இருக்கும், அடுத்த பள்ளத்தில் மறுபடி வளையும், இல்லே விரிசல் விடும். சூடில்லாம பிரஸ்ஸில் நிமிர்த்தினாலும் இதே பயம்தான். சக்கரமும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அது மேலதான் நிக்குது. வளைஞ்சிருந்தா மாத்தணும், வேற பேச்சே வேண்டாம்.

சரி, நக்கிள்தான் வளைஞ்சதுன்னு எதை வச்சு அளந்தாங்க? இந்த மாதிரி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோட சேர்ந்த ஷாக் அப்சார்பர்) வண்டியில் டோவை (சக்கரம் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பற கோணம்) மட்டும்தான் டை ராடில் திருத்த முடியும். கேம்பருக்குத் தனி அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது, அதனால எத்தனை தடவை அலைன்மெண்ட் பார்த்தாலும் அந்த 2 டிகிரி அசையாது. கிராஸ் மெம்பர் (ரெண்டு லோயர் ஆர்மும் மாட்டற குறுக்குச் சட்டம்) வலப்பக்கமா நகர்ந்திருந்தா இடது கேம்பர் பிளஸ் பக்கம் போயிருக்கும், வலது மைனஸ் பக்கம் போயிருக்கும். உங்க சீட்டு அப்படிச் சொல்லலை. அப்போ ஸ்ட்ரட், நக்கிள், ஸ்ட்ரட் தலை உட்கார்ற ஏப்ரன் (பாடியோட உள் தகடு), இந்த மூணில் ஒண்ணு.

அலைன்மெண்ட் கடையில் எஸ்.ஏ.ஐ. (சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு) எடுத்துத் தரச் சொல்லுங்க. ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பி எடுக்கற அளவு அது; நாம கேட்டாத்தான் எடுப்பாங்க. இடது எஸ்.ஏ.ஐ.யும் வலதைவிட, கேம்பர் வித்தியாசம் மாதிரியே, ஒன்றரை டிகிரி கூட இருந்தா ஏப்ரன் உள்ளே தள்ளியிருக்கு, அது பாடியை இழுத்து நிமிர்த்தற டிங்கரிங் பெஞ்ச் வேலை. எஸ்.ஏ.ஐ. ரெண்டும் சமமா இருந்து கேம்பர் மட்டும் மாறினா ஸ்ட்ரட்டோ நக்கிளோ.

ஸ்ட்ரட்டைப் பார்க்க ஒரு வழி இருக்கு. வண்டி தரையில் நிக்கும்போது ஸ்ட்ரட்டோட மேல் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அதோட நடு ராடை ஸ்பேனரால் சுத்தணும். சக்கரத்தின் தலை உள்ளேயும் வெளியேயும் போய்வந்தா ராடு வளைஞ்சிருக்கு. நட்டை முழுசா கழட்டிடக் கூடாது, உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கு. மெக்கானிக் செய்யட்டும், நீங்க பக்கத்தில் நின்னு பாருங்க.

அப்படியே ஸ்டீயரிங்கை நேரா வச்சு, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க. இடது குறைஞ்சா சக்கரம் பின்னால தள்ளியிருக்கு.

புது லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் மாட்டற இடத்து ரப்பர் வளையம்) போல்ட்டை எப்போ டைட் பண்ணாங்கன்னும் கேளுங்க. சக்கரம் தொங்கும்போது கடைசி டைட் வச்சா புஷ் ரப்பர் முறுக்கிலேயே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். வண்டி எடை தரையில் இறங்கின பிறகுதான் வைக்கணும். அவசரத்தில் பலரும் விடற இடம் இது.

ஆரூர் ராஜா:
இன்சூரன்ஸ் கிளெய்மில் செஞ்ச வேலையா சார்? அப்படின்னா பழைய பாகத்தைக் கழட்டிப் போடறதுக்கு முன்னாடி சர்வேயருக்குச் சொல்லுங்க. முதல் தடவை கண்ணுக்குத் தெரியாத சேதம்னு கூடுதல் எஸ்டிமேட் கொடுக்கலாம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இல்லேன்னா உங்க வண்டி வயசுக்கு உலோகப் பாகத்தில் 40 சதவீதம், ரப்பர் பிளாஸ்டிக்கில் 50 சதவீதம் நீங்க போடணும்.

மன்னைவாசி:
அண்ணே, தஞ்சாவூரில் எடுத்தேன். எஸ்.ஏ.ஐ. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். டேப் அளவும் சமம். ராடைச் சுத்தினா சக்கரம் நல்லாவே ஆடுது. ராஜா சார், கிளெய்ம்தான். சர்வேயர் வியாழக்கிழமை வர்றார், அதுவரை எதையும் கழட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

குடந்தைப் பட்டறை:
அப்போ ஸ்ட்ரட்தான். ஒரு பக்கம் மட்டும் போடாதீங்க, ரெண்டும் ஜோடியா மாத்துங்க, இடது மேல் மவுண்டும் பேரிங்கும் சேர்த்து. கழட்டின லாக் நட்டைத் திரும்பப் போட விடாதீங்க. மாத்தினதும் புது சீட்டை இங்கே போடுங்க. கேம்பர் அப்பவும் சரியாகலைன்னா நக்கிளையும் மாத்திடணும்.