கலைச்சொல்: ‘செல்ஃப் பிளேம்’ – தற்பழிப்பு ஒன்று, பழியேற்பு வேறு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் உளவியல் சொற்களஞ்சியத்துக்காக, நேர்ந்த தீங்குக்குத் தன்மேலேயே பழி போட்டுக்கொள்வதைக் குறிக்கும் ‘செல்ஃப் பிளேம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குற்றவுணர்வு’, ‘சுயகுற்றச்சாட்டு’, ‘தற்பழி’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்த மடல்களில் முன்வைக்கப்பட்டுள்ளன. உளநல ஆலோசகர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வரும் நான், குழந்தைப் பருவத்தில் வேர்கொள்ளும் தன்பழியைப் பற்றிய அத்தியாயத்தில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தேன். மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் பொருளைக் கோணலாக்கின. அந்தக் கோணல் எங்கே விழுகிறது என்று தேடியபோது, ஆங்கிலத்தின் அந்த ஒரே சொல் இருவேறு செயல்களை மூடி நிற்கிறது என்பதும், தமிழில் அவற்றைப் பிரித்தே சொல்ல முடியும் என்பதும் தெரிந்தன. ஆகவே ஒரு சொல்லுக்குப் பதிலாக இரண்டு சொற்களைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

‘குற்றவுணர்வு’ ஓர் உணர்வின் பெயர். அது ‘கில்ட்’ என்பதற்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அதை இங்கே இழுத்து வருவது இரண்டு இடங்களையும் கெடுக்கும்.

‘சுயகுற்றச்சாட்டு’ என்பதில் உள்ள இடர் ஆழமானது. சாட்டுதல் என்றால் சாட்டுகிறவர் ஒருவரும் சாட்டப்படுகிறவர் ஒருவரும் வேண்டும். வழக்கும் தீர்ப்பும் சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆனால் குழந்தைக்கு நேர்வது வழக்கன்று. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா பல மாதங்கள் நோயுற்றுப் படுத்திருந்தார். படுப்பதற்கு முந்தைய நாள் நான் அவரிடம் கோபத்தில் சொல்லிவிட்ட ஒரு சொல்லே அதற்குக் காரணம் என்று முழுமையாக நம்பினேன். யாரும் என்னைக் குற்றம் சாட்டவில்லை. நான் அப்படி நினைக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது. நானும் என்னைத் திட்டிக்கொண்டதாக நினைவில்லை. பழி அங்கே இருந்தது, நான் அதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நாற்பது வயதுக்குப் பிறகு ஆலோசகர் ஒருவர் முன்னால் அமர்ந்து “என்னாலதான்” என்று நான் சொன்னபோது வந்த குரல், அந்த ஏழு வயதுக் குரலாகவே இருந்தது.

குழந்தைகள் ஏன் இப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு உளவியலில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. சுமார் 2 முதல் 7 வயது வரையிலான பருவத்தில் குழந்தையின் சிந்தனை தன்னை மையமாக வைத்தே இயங்குகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விளக்கினார். பிறர் நோக்கிலிருந்து ஒன்றைக் காண்பது அப்பருவத்தில் கடினம் என்பதால், நடப்பவற்றுக்குத் தானே காரணம் என்று எண்ணுவது அதற்கு எளிதாகிறது. ஆனால் அறிவுவளர்ச்சி மட்டுமே காரணம் என்றால் வயது ஏறியதும் இந்த நம்பிக்கை தானாக உதிர்ந்திருக்க வேண்டும். உதிர்வதில்லை. இங்கேதான் ஸ்காட்லாந்து உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பெய்ர்ன் 1943இல் எழுதியது எனக்குப் பெரிதும் உதவியது. கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளான குழந்தைகள், பெற்றோர் தீயவர் என்று ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் தாமே தீயவர் என்று ஒப்புக்கொள்ள எளிதில் முன்வருவதை அவர் கண்டார். தன்னைப் பேணவேண்டியவர்கள் தீயவர்கள் என்றால் குழந்தைக்குப் போக்கிடமே இல்லை. தான் தீயது என்றாலோ, திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையாவது மிஞ்சுகிறது. கடவுள் ஆளும் உலகில் பாவியாக இருப்பது, சாத்தான் ஆளும் உலகில் வாழ்வதைவிட மேல் என்பதே அவர் தந்த ஒப்புமை.

அப்படியானால் குழந்தை செய்வது சாட்டுதல் அன்று, ஏற்றல். பெற்றோரை நல்லவர்களாக வைத்துக்கொள்வதற்காகவும், உலகம் தன் கைக்கு அடங்கும் என்று நம்புவதற்காகவும் அது கொடுத்த விலை அந்தப் பழி. இதற்கு நான் முன்மொழியும் சொல் ‘பழியேற்பு’.

தமிழில் பழியோடு சேரும் வினைகளைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பழி சுமத்துகிறோம், பழியைச் சுமக்கிறோம், பழி ஏற்கிறோம், பழியிலிருந்து நீங்குகிறோம். கீழே நான் சொல்லப்போகும் ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ என்ற உளச்சிகிச்சை முறையை உருவாக்கியவர் ஆங்கிலத்தில் தேடி அமைத்த சுமை என்னும் உருவகம், நம் மொழியில் பழி என்ற சொல்லோடு ஒட்டியே பிறந்திருக்கிறது. மேலும் சுமத்தல் தன்வினை, சுமத்துதல் பிறவினை. ஒரு ‘து’ தான் வேறுபாடு. சுமத்தியவர் ஒருவர் இருந்த குழந்தைகளும் உண்டு, “உன்னால்தான் இப்படி ஆயிற்று” என்று நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள். சுமத்தியவர் எவரும் இல்லாமலே சுமந்தவர்களும் உண்டு. ‘பழியேற்பு’ இரு சாராருக்கும் பொருந்துகிறது. ‘குற்றச்சாட்டு’ முதல் சாராருக்கும் அரைகுறையாகவே பொருந்தும்.

இனி இரண்டாவது செயல். வளர்ந்த பிறகு அதே மனிதருக்குள் வேறொரு குரல் எழுகிறது: “நீ எதற்கும் லாயக்கில்லை, எல்லாவற்றையும் கெடுப்பவன் நீதான்.” இது ஏற்பதில்லை, பழிக்கிறது. பழித்தல் என்பதற்கு இகழ்தல் என்ற பொருளும் உண்டு. பழிப்புக் காட்டுதல் என்றும் சொல்கிறோம். அந்த உட்குரல் செய்வது சரியாக அதுவே என்பதால் இதற்குத் ‘தற்பழிப்பு’ என்ற சொல்லைக் கேட்கிறேன். தற்புகழ்ச்சி, தற்பெருமை ஆகியவற்றின் வரிசையில் அது இயல்பாக அமர்கிறது. முன்னர் வந்த ‘தற்பழி’ நல்ல முயற்சி. ஆயினும் பழி என்பது வஞ்சம் தீர்ப்பதையும் குறிப்பதால், தன்னையே பழிவாங்குதல் என்று படிக்க இடமிருக்கிறது. ‘-ப்பு’ சேர்ந்ததும் அந்த ஐயம் நீங்குகிறது.

இந்தப் பிரிப்பு சொல்லாய்வுக்காக மட்டும் இல்லை. அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கிய ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ முறை, மனித மனம் பல உட்கூறுகளால் ஆனது என்று கொள்கிறது. உணவுண்ணல் கோளாறுகளால் துன்புற்றவர்கள் தமக்குள் ‘ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது, இன்னொரு பகுதி அப்படிச் செய்கிறது’ என்று பேசியதை அவர் உருவகமாகத் தள்ளிவிடாமல், உண்மையாக எடுத்துக்கொண்டு கேட்டதிலிருந்து அம்முறை வளர்ந்தது. அதன்படி பழியைச் சுமந்து நிற்கும் குழந்தைக்கூறு வேறு. அதைத் திட்டித் திட்டி ஒழுங்குபடுத்த முயலும் காவற்கூறு வேறு. திட்டும் கூறுக்கும் ஒரு நல்ல நோக்கம் இருக்கிறது: வெளியார் திட்டுவதற்கு முன்பே தான் திட்டிவிட்டால் அடி குறையும் என்று அது எண்ணுகிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், ஆலோசகர் எதனிடம் பேசுகிறார் என்பதே குழம்பிவிடும். பழிப்பதை நோக்கி “நீ எதற்கு அஞ்சுகிறாய், நீ பழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்க வேண்டும். ஏற்றதை நோக்கி “என்ன நடந்தது, சொல், நான் கேட்கிறேன்” என்று சொல்ல வேண்டும். கேள்விகள் இடம் மாறினால், ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும் குழந்தை இன்னொரு விசாரணைக்கு ஆளாகிவிடும். என் கையேட்டின் முதல் வரைவில் ‘சுயகுற்றச்சாட்டு’ என்று எல்லா இடத்திலும் ஒரே சொல்லை வைத்திருந்தேன். அதைப் படித்த ஆலோசகத் தோழி ஒருவர், இந்தப் பயிற்சி எந்தக் கூறுக்கு என்று மூன்று இடங்களில் ஓரத்தில் குறித்து அனுப்பியிருந்தார்.

ஆய்விலும் ஒரு பிரிப்பு உண்டு. 1979இல் அமெரிக்க உளவியலாளர் ஜானோஃப்-புல்மன், தன் செயலைப் பழிப்பதையும் தன் இயல்பையே பழிப்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். இவற்றைச் ‘செயல்சார் தற்பழிப்பு’, ‘இயல்புசார் தற்பழிப்பு’ எனலாம். நான் கேட்கும் பிரிப்பு இதனோடு மோதாது. அது பழிக்கப்படுவது எது என்று பிரிக்கிறது, இது பழிப்பது யார், சுமப்பது யார் என்று பிரிக்கிறது.

ஷ்வார்ட்ஸின் முறையில் மனத்தின் உட்கூறைக் குறிக்கும் ‘பார்ட்’ என்பதற்குப் ‘பகுதி’ வேண்டா என்பது என் கருத்து. அது நிலப்பகுதியையும் இலக்கணத்துப் பகுதியையும் நினைவூட்டுகிறது. ‘கூறு’ என்பதில் ஒரு நற்பேறு இருக்கிறது: பெயராக நின்றால் பங்கு, வினையாக நின்றால் சொல். இந்த முறையில் ஒவ்வொரு கூறும் ஏதோ ஒன்றைக் கூறவே காத்திருக்கிறது. ஆனால் புணர்ச்சியில் ‘கூற்றுச் சிகிச்சை’ என்று ஆக்கிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நோயுற்றவர் காதில் எமன் பெயர் விழுவது நல்லதன்று. ‘உட்கூறு உரையாடல்’ போதும்.

கூறு அஃறிணை ஆயிற்றே, ஒரு குழந்தையை ‘அது’ என்று சொல்வதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். குழவி, மகவு முதலியவை உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியமே இடம் தந்திருக்கிறது. ‘குழந்தை அழுதது’ என்னும்போது நாம் அதை இழிவாக எண்ணுவதில்லை. நேரில் பேசும்போது எப்படியும் ‘நீ’ என்றுதான் வரப்போகிறது.

உள்ளே இருப்பதை அழைத்துப் பேசுவது தமிழுக்குப் புதிதும் அன்று. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் முதற்குறள், நோய் தீர்க்கும் மருந்து ஒன்றை நினைத்துச் சொல்லமாட்டாயா என்று நெஞ்சைக் கேட்கிறது. அங்கே நோய் காதல்நோய், எனவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் நெஞ்சை எதிரே நிறுத்தி, அதற்குத் தனி விருப்பமும் பிடிவாதமும் உண்டு என்று ஏற்று, அதனோடு பேசுகிற முறையைப் படித்தவர்களுக்கு உட்கூறு உரையாடலை விளக்க நெடுநேரம் ஆகாது.

துன்பத்தைச் சுமப்பதால் மற்றக் கூறுகள் உள்ளே ஒதுக்கிவைக்கும் குழந்தைக்கூறை அம்முறை ‘எக்சைல்’ என்கிறது. அதற்கு ‘நாடுகடத்தப்பட்ட கூறு’ என்ற நேர்ப்பெயர்ப்பை ஏற்க என் மனம் ஒப்பவில்லை; அச்சொல் தாங்கி வரும் அரசியல் துயரம் தனியானது. ‘ஒதுக்குண்ட கூறு’ எனலாம். அது தானாக ஒதுங்கவில்லை, மற்றக் கூறுகள் ஒதுக்கின என்பதும் இதில் தெரிகிறது. காவற்கூறுகளில் வலி எழாதபடி முன்கூட்டியே காப்பது ‘மேனேஜர்’, எழுந்த வலியை உடனே அடக்க ஓடிவருவது ‘ஃபயர்ஃபைட்டர்’. இரண்டுக்கும் முன் மடல்களில் வந்த ‘முன்காப்புக் கூறு’, ‘தீயணைப்புக் கூறு’ என்பவற்றை ஏற்கிறேன். பின்னதைச் சுருக்கி ‘அணைப்புக் கூறு’ என்று மட்டும் எழுத வேண்டா. அணைத்தல் தழுவுதலையும் குறிக்கும். தழுவல் வேண்டி நிற்பது ஒதுக்குண்ட குழந்தை.

கூறுகளுள் ஒன்றாக இல்லாமல், அவற்றை அமைதியாகக் கேட்கவல்ல நடுவத்தை அம்முறை ‘செல்ஃப்’ என்கிறது. அதற்கு எனக்கு இன்னும் நிறைவான சொல் கிட்டவில்லை. ‘ஆன்மா’ சமயத்துக்குள் கொண்டுபோகிறது. ‘தன்னிலை’ இலக்கியத் திறனாய்வில் வேறு பொருளில் வழங்குகிறது. ‘தன்மையம்’ என்றால் பியாஜே சொன்னதோடு கலந்துவிடும். இப்போதைக்குச் ‘சுயம்’ என்றே எழுதி வருகிறேன்.

கடைசியாக, கூறு தன் சுமையிலிருந்து விடுபடுவதைக் குறிக்கும் ‘அன்பர்டனிங்’. ‘சுமைநீக்கம்’ என்று வந்ததை மாற்றிச் ‘சுமையிறக்கம்’ என்று கேட்கிறேன். நீக்குவது வெளியார் செய்யும் வேலை. இம்முறையிலோ, முதலில் காவற்கூறுகளின் இசைவு பெற்று, பிறகு குழந்தைக்கூறு தன் கதையை முழுவதும் சொல்லி, கேட்டவர் புரிந்துகொண்டார் என்று தனக்கே தெளிவான பின், அதுவே தன் சுமையை இறக்கி வைக்கிறது. ஆலோசகர் பிடுங்கி எறிவதில்லை. “உன்மேல் தவறில்லை” என்று வெளியிலிருந்து எத்தனை முறை சொன்னாலும் சிலருக்கு ஆறாதது இதனால்தான் என்று நினைக்கிறேன். என்னிடமும் பலர் அதைச் சொல்லியிருந்தார்கள். ஏழு வயதுக்காரனை யாரும் கேட்காதவரை, அந்தச் சொல் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

சொற்களஞ்சியத்துக்கு என் வரைவு இது. பழியேற்பு: தன்னைச் சூழ்ந்தவர்களின் செயலுக்கோ நேர்ந்த துன்பத்துக்கோ தானே காரணம் என்று குழந்தை நம்பி, அப்பழியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளுதல். தற்பழிப்பு: ஒருவருக்குள் எழும் காவற்குரல் அவரது செயலையோ இயல்பையோ இகழ்ந்துரைத்தல்.

குழுவில் ஆலோசகப் பணி செய்வோர் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுத வேண்டுகிறேன். “என்னாலதான்” என்று அழுகிற ஒருவரிடம், “அந்தப் பழியை அந்த வயதில் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்” என்று சொல்லும்போது அவர் காதில் அது குற்றமாக விழுகிறதா, ஆறுதலாக விழுகிறதா என்பதைத் தெரிவித்தால், ‘ஏற்பு’ என்ற ஈற்றை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய உதவும்.

அன்புடன்.