குறுவை வைக்கோல் உருளைக்குள் பூஞ்சை, மாட்டுக்குப் போடலாமா?

முத்துப்பேட்டைக்காரன்:
உம்பளச்சேரி பசு இரண்டு, சினையாக ஒரு கிடேரி, வளர்த்து விற்க இரண்டு காளைக்கன்று வைத்திருக்கிறேன். வயலெல்லாம் சம்பா நிற்கிறது, தை அறுப்பு வரை மேய்ச்சலுக்கு வழியில்லை. மெஷின் அறுத்த குறுவை வைக்கோலை உருளையாக வாங்கிப் போட்டேன். ஈரத்தோடு கட்டிவிட்டார்கள். சிலவற்றைப் பிரித்தால் உள்ளே சூடு, வெள்ளைப் பூஞ்சை, முக்கல் வாடை. காய வைத்துப் போடலாம் என்கிறார் அப்பா. இந்தக் கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? மீதி உருளைகளையாவது காப்பாற்ற முடியுமா?

வண்டல்மண்:
தம்பி, பூஞ்சை பிடித்ததைக் காய வைத்தாலும் நஞ்சு போகாது. வால் நுனியும் காது ஓரமும் கருகி, கால் வீங்கிப் புண்ணாகும் டெக்னாலா நோய் இந்த மாதிரி நெல் வைக்கோலால் வருவதுதான். கிடேரி வேறு சினை. எருக்குழியில் தள்ளுங்கள், அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வெறும் ஈரமாக இருப்பதை இன்றைக்கே பிரித்து யூரியா போடுங்கள். காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். உங்களுடையதில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் தண்ணீரை மட்டும் பாதியாக்குங்கள். எடை போடும்போது அந்த ஈரத்தைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யூரியா கூடிவிடும். அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடுங்கள். கிளம்பும் அம்மோனியா பூஞ்சையை அண்டவிடாது, புரதமும் ஏறும். பிரிக்கும்போது கண் எரியும். உதறி ஆறப்போட்ட பிறகே தொட்டியில் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைசல் வாளி மாட்டுக்கு எட்டக்கூடாது, குடித்தால் செத்தே போகும்.

முத்துப்பேட்டைக்காரன்:
சரிண்ணே. கன்று இரண்டும் எட்டு மாதம் தாண்டியவைதான். இதை மட்டும் போட்டால் சதை பிடிக்குமா?

கோரையாற்றங்கரை:
பிடிக்காது. வைக்கோல் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். வேலியில் அகத்தியோ கிளைரிசிடியாவோ இருந்தால் ஒடித்துப் போடுங்கள், தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொடுங்கள். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, அதனால் தாது உப்புக் கலவையும் தினமும் வேண்டும்.

அப்புறம், வரும் தையில் கையறுப்பு சம்பா வைக்கோல் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிப் போர் போடுங்கள். தாள் நீளமாக இருப்பதால் மழை மேலோடு வழிந்துவிடும். மெஷின் நொறுக்கியது பஞ்சு மாதிரி குடிக்கும். அடியில் பனங்கட்டை பரப்ப மறக்க வேண்டாம்.